பெயர்ப் பலகைக் கடையும் வடிவமைப்புக் கூலியும்

(வணிகமும் கைத்தொழிலும் செய்யும் நம் ஜமாஅத் சகோதரர்களுக்காக, இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் மத்ரஸாக் கூடத்தில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துக் காக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பைக் கேட்டுச் சிலர் வியப்படையலாம். ஃப்ளெக்ஸ் கடையைப் பற்றியும் பெயர்ப் பலகை எழுதும் கடையைப் பற்றியும் பள்ளிவாசலில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணலாம். நம் ஃபிக்ஹு கிதாபுகளைத் திறந்து பாருங்கள். தூய்மை, தொழுகை, ஸகாத், நோன்பு, ஹஜ்ஜு ஆகிய பாடங்களைத் தொடர்ந்து விற்றல் வாங்கலின் பாடம் வருகிறது. இஜாரா என்னும் கூலி ஒப்பந்தத்தின் பாடம் வருகிறது. துணி தைப்பவர், துணி வெளுப்பவர், சாயம் தோய்ப்பவர், ஒட்டகத்தை வாடகைக்கு விடுபவர் என்று அன்றைய தொழிலாளர்கள் அனைவரும் அந்தப் பக்கங்களில் இடம் பெற்றிருக்கின்றார்கள். அவர்களின் வரிசையில் இன்று கணினியின் முன்னால் அமர்ந்து பலகைக்கு எழுத்தும் படமும் அமைக்கின்ற நம் பிள்ளையும் நிற்கிறான். அவனுக்குரிய ஹக்கு என்ன, அவனிடம் வேலை கொடுப்பவருக்குரிய ஹக்கு என்ன என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பு

முன்பெல்லாம் பெயர்ப் பலகை எழுதும் ஓவியர் ஏணியில் ஏறி நிற்பார். சுண்ணக்கட்டியால் கோடு போடுவார், எழுத்தின் உருவத்தை மெல்லிய கோட்டில் வரைவார், பிறகு தூரிகையால் வண்ணம் தீட்டுவார். கடை முதலாளி கீழே நின்று அந்த உழைப்பைக் கண்ணால் கண்டார். வெயிலையும் வியர்வையையும் கண்டார். ஆகவே கூலியைப் பற்றிப் பேரம் பேசினாலும், கூலி கொடுக்க வேண்டியதில்லை என்று எவரும் சொல்லவில்லை.

ஃப்ளெக்ஸ் அச்சு இயந்திரம் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. தூரிகை செய்த வேலையைக் கணினியில் அமர்ந்திருப்பவர் செய்கிறார். வாடிக்கையாளர் காண்பது இயந்திரத்திலிருந்து வெளிவரும் துணியை மட்டுமே. அதன் நீளம், அகலம் தெரிகின்றன. சதுர அடிக்கு என்ன விலை என்பது தெரிகிறது. அச்சுக்கு முன்னால் நடந்த வேலை அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘டிசைன்தானே, ஐந்து நிமிட வேலை, போட்டுக் கொடுங்கள்’ என்கிறார்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சற்றுப் பாருங்கள். வாடிக்கையாளர் தம் கடையின் சின்னத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கைப்பேசித் திரையில் தெளிவாகத் தெரியும் அந்தச் சிறு படம் எட்டு அடிப் பலகையில் பெரிதாக்கப்பட்டால் கட்டம் கட்டமாகச் சிதைந்துவிடும். ஆகவே அதைக் கோடு கோடாகப் புதிதாக வரைய வேண்டும். அவர் அனுப்பிய தமிழ் வாசகம் யூனிகோடில் இருக்கும். கடையில் இருக்கும் அழகான எழுத்துருக்களில் பல பாமினி போன்ற பழைய முறையில் அமைந்தவை. அவற்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஒவ்வோர் எழுத்தாகப் படித்துச் சரி செய்ய வேண்டும். பிறகு தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு எது முதலில் கண்ணில் பட வேண்டும், எந்த நிறத்தின் மீது எந்த நிறம் தெளிவாகத் தெரியும், தொலைபேசி எண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பனவற்றைச் சிந்திக்க வேண்டும். அதன் பிறகு வாடிக்கையாளரின் மச்சானுக்கு நிறம் பிடிக்கவில்லை என்று செய்தி வரும். மீண்டும் தொடக்கத்திலிருந்து வேலை!

இந்த உழைப்புக்குக் கூலி உண்டா? உண்டென்றால் எவ்வளவு? அதை எப்படிக் கேட்பது? இம்மூன்று கேள்விகளுக்கும் நம் மார்க்கத்தில் வழி இருக்கிறது.

அறிவுக்கும் திறமைக்கும் கூலி உண்டு

கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருளுக்கு மட்டுமே விலை உண்டு என்று நினைப்பது தவறு. நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களும் மக்காவை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் புறப்பட்டபோது, பாலைவன வழிகளை நன்கு அறிந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்று வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றார்கள். அவர் முஸ்லிமாகவும் இருக்கவில்லை. அவர் விற்றது சரக்கை அன்று; வழியைப் பற்றிய அறிவை. அந்த அறிவுக்குக் கூலி பேசப்பட்டது.

மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரத்துப் பெரியவரிடம் கூலிக்கு அமர்ந்த வரலாற்றைத் திருக்குர்ஆன் கூறுகிறது (28:26, 27). அங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எட்டு ஆண்டுகள் என்று காலம் முதலிலேயே பேசப்பட்டது; பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம் என்றும் தெளிவாக்கப்பட்டது. அவர்மீது சிரமத்தைச் சுமத்த விரும்பவில்லை என்று அந்தப் பெரியவர் வாய்விட்டுச் சொன்னார்கள். எது கடமை, எது உபகாரம் என்னும் எல்லைக் கோடு வேலை தொடங்கும் முன்பே போடப்பட்டுவிட்டது. நம் கடைகளில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கோடு போடப்படாததால் வருபவை.

வாய் திறந்து பேசாத கூலி

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தங்களின் ‘மின்ஹாஜ்’ நூலில் ஒரு மஸ்அலாவைக் குறிப்பிடுகின்றார்கள். ஒருவர் தம் துணியைத் தையற்காரரிடமோ வெளுப்பவரிடமோ கொடுக்கிறார். கூலியைப் பற்றி இருவரும் எதுவும் பேசவில்லை. வேலை முடிந்துவிட்டது. இப்போது கூலி உண்டா? ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படைத் தீர்ப்பு, கூலி இல்லை என்பதே. கூலி உண்டு என்று மற்றொரு கூற்று உள்ளது. அந்த வேலையைக் கூலிக்குச் செய்பவர் என்று அறியப்பட்டவராக இருந்தால் கூலி உண்டு, இல்லையேல் இல்லை என்பது மூன்றாவது கூற்று. இந்த மூன்றாவது கூற்று அழகானதாகக் கருதப்படுகிறது என்பதையும் இமாமவர்கள் அங்கே சுட்டுகின்றார்கள்.

ஹனஃபீ மத்ஹபின் ‘ஹிதாயா’விலும் இதை ஒத்த வழக்கு உண்டு. துணிக்குச் சொந்தக்காரர், இலவசமாகத்தான் செய்தாய் என்கிறார். தொழிலாளி, கூலிக்குத்தான் செய்தேன் என்கிறார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் சொந்தக்காரரின் சொல் ஏற்கப்படும். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், இருவருக்கும் இடையே ஏற்கெனவே தொழில் தொடர்பு இருந்ததா என்று பார்க்கின்றார்கள். இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களோ, இத்தொழிலைக் கூலிக்குச் செய்பவர் என்று அவர் அறியப்பட்டிருந்தால் அவர் சொல்லை ஏற்கின்றார்கள்.

சகோதரர்களே! இத்துணை பெரிய இமாம்கள் கருத்து வேறுபடுகின்றார்கள் என்றால், அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பேசாமல் விட்ட கூலி ஆபத்தில் இருக்கும் கூலி. வடிவமைப்புக்குத் தனிக் கூலி வாங்கும் வழக்கமே இல்லாத ஊரில், முன்கூட்டிச் சொல்லாமல் வேலை முடிந்த பிறகு பில்லில் எழுதினால், ‘நீ எப்போது சொன்னாய்?’ என்று வாடிக்கையாளர் கேட்பதற்கு இடமிருக்கிறது. ஆகவே கூலி வேண்டும் என்பவர் முதலில் வாயைத் திறக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டுப் பிறகு மனம் புழுங்குவது வணிகமும் அன்று, தர்மமும் அன்று.

இத்தகைய வழக்கு ஒன்று என்னிடமே வந்தது. உணவகம் தொடங்கவிருந்த ஒருவர் பலகைக் கடையில் ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். கடைக்காரர் மூன்று விதமாக வடிவமைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வந்தவர் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு வேறோர் ஊரில் குறைந்த விலைக்கு அச்சிட்டுக்கொண்டார். பிறகு வந்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். கடைக்காரர் ஒரு காசும் தர மறுத்தார். வடிவமைப்புக்குக் கூலி என்று இருவருமே முன்பு பேசியிருக்கவில்லை. ஆனால் வடிவமைப்பை அவர் பயன்படுத்திக்கொண்டார் என்பதில் ஐயமில்லை. அதே தொழிலில் உள்ள இருவரை அழைத்து, இப்படிப்பட்ட வேலைக்கு வழக்கமான கூலி என்ன என்று கேட்டோம். அறுநூறு ரூபாய் என்றார்கள். அறுநூறைக் கடைக்காரர் வைத்துக்கொண்டு நானூறைத் திருப்பிக் கொடுப்பதென சுல்ஹு செய்யப்பட்டது. இருவரும் ஸலாம் சொல்லிப் பிரிந்தார்கள். முதல் நாளில் ஒரு நிமிடம் பேசியிருந்தால் மூன்று வாரப் பகை தோன்றியிராது.

நேரத்தைப் பேசுவதா? வேலையைப் பேசுவதா?

கூலி கேட்பது சரி, மணிக்கணக்கில் கேட்கலாமா? இங்கே இஜாராவின் ஓர் அடிப்படையை அறிந்துகொள்ள வேண்டும். கூலி ஒப்பந்தம் செய்யப்படுவது ஒன்று காலத்தின் மீது, அல்லது வேலையின் மீது. ஒரு மாதம் என்னிடம் வேலை செய் என்பது காலத்தின் மீது. இந்தத் துணியைச் சட்டையாகத் தைத்துக் கொடு என்பது வேலையின் மீது. இந்தத் துணியை இன்று ஒரு பகலுக்குள் தைத்து முடி என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் ஒப்பந்தம் செல்லாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் சரிகாணப்பட்ட கருத்து. வேலை அந்தக் காலத்துக்கு முன்பே முடியலாம், முடியாமலும் போகலாம். எதற்குக் கூலி என்னும் குழப்பம் தோன்றும்.

நம் கடைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மணிக்கு இருநூற்றைம்பது ரூபாய், எத்தனை மணி நேரமாகும் என்று தெரியாது என்று வாடிக்கையாளரிடம் சொன்னால், தாம் கொடுக்க வேண்டிய தொகையை அறியாமலே அவர் ஒப்பந்தத்தில் நுழைகிறார். வேகமாகச் செய்பவருக்குக் குறைந்த கூலியும் மெதுவாகச் செய்பவருக்கு நிறைந்த கூலியும் என்றாகிவிடும். ஆகவே நான் சொல்லும் வழி இது: மணிக்கணக்கு கடைக்காரரின் உள்கணக்காக இருக்கட்டும். வாடிக்கையாளரிடம் பேசுவது வேலையின் விலையாக இருக்கட்டும். இந்தப் பலகைக்கு வடிவமைப்புக் கூலி எழுநூற்றைம்பது ரூபாய், இரண்டு மாதிரிகள், இரண்டு முறை திருத்தம் என்று சொல்லிவிட்டால் தொகையும் தெரிந்துவிட்டது, வேலையும் தெரிந்துவிட்டது. இதுவே குழப்பமில்லாத ஒப்பந்தம்.

உள்கணக்கு போடும் முறை

அந்த மணிக்கணக்கை எப்படிப் போடுவது? தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த அல்லாஹ், போர்க்கவசத்தின் வளையங்களைச் சரியான அளவில் இணைக்கும்படி அவர்களுக்குக் கட்டளையிட்டதாகத் திருக்குர்ஆன் கூறுகிறது (34:11). தொழிலில் அளவு என்பது நபிமார்களுக்கே கற்றுத்தரப்பட்ட ஒழுக்கம். தம் நேரத்தின் செலவு என்னவென்று அறியாமல் கூலி சொல்பவர் அளவில்லாமல் சொல்கிறார். அவர் ஒன்று தமக்கு அநீதி செய்வார். அல்லது பிறருக்குச் செய்வார்.

எடுத்துக்காட்டாக ஒரு கடையைக் கொள்வோம். வடிவமைக்கும் பையனுக்கு மாதச் சம்பளம் 18,000 ரூபாய். கடை வாடகையிலும் மின்கட்டணத்திலும் அவன் பங்கு, கணினியின் தேய்மானம், மென்பொருள் ஆகியவற்றுக்கு 6,000 ரூபாய். ஆக மொத்தம் 24,000. மாதம் 26 நாட்கள், நாளுக்கு 8 மணி என்றால் 208 மணி நேரம். 24,000 ரூபாயை 208 மணியால் வகுத்து, மணிக்கு 115 ரூபாய்தானே என்று பலர் நினைக்கின்றார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. வந்தவரிடம் பேசுவதும், தொலைபேசி எடுப்பதும், அச்சு இயந்திரத்தைக் கவனிப்பதும், மின்சாரம் இல்லாமல் காத்திருப்பதும் அந்த 208 மணிக்குள்ளேயே அடங்கும். உண்மையில் வடிவமைப்பில் செல்லும் நேரம் 120 மணி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 200 ரூபாய் அடக்கச் செலவே ஆகிவிடுகிறது. அதன்மேல் 50 ரூபாய் இலாபம் வைத்தால் 250. மூன்று மணி நேர வேலைக்கு 750 ரூபாய். இந்தத் தொகைகள் விளக்கத்திற்காகச் சொல்லப்பட்டவை. ஒவ்வொருவரும் தம் கடையின் தொகைகளை இட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மாத காலம் ஒரு குறிப்பேட்டில், எந்த வேலைக்கு எத்தனை மணிக்கு அமர்ந்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம் என்று எழுதி வந்தாலே போதும்.

சதுர அடியில் மறைந்திருக்கும் அநீதி

வடிவமைப்பு இலவசம் என்று சொல்லிவிட்டுச் சதுர அடி விலையில் அதைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். விலை நிர்ணயம் கடைக்காரரின் உரிமை; அதை ஹராம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். சதுர அடிக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டுக்கு மூன்று அடிப் பலகை 24 சதுர அடி. அச்சுக்கு 360 ரூபாய். அதற்கு வடிவமைப்பில் 750 ரூபாய் உழைப்பு சென்றிருக்கிறது. மற்றொருவர் இருபதுக்குப் பத்து அடி, அதாவது 200 சதுர அடிப் பதாகைக்கு, முழுமையாக வடிவமைத்த கோப்பைத் தம்முடனே கொண்டுவருகிறார். அவருக்கு வடிவமைப்பு வேலையே இல்லை. இப்போது வடிவமைப்புச் செலவுக்காகச் சதுர அடிக்கு 3 ரூபாய் கூட்டினால், 750 ரூபாய் உழைப்பை வாங்கியவர் 72 ரூபாய் கொடுக்கிறார். எதையும் வாங்காதவர் 600 ரூபாய் கொடுக்கிறார்!

மக்களுக்குரிய பொருட்களைக் குறைத்துவிடாதீர்கள் என்ற கருத்தில் ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தாருக்குச் செய்த உபதேசம் திருக்குர்ஆனில் இடம்பெற்றுள்ளது (26:183). அளவில் மோசடி செய்பவர்களுக்குக் கேடு என்று 83-ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. அளவுகோலைத் தவறான இடத்தில் வைப்பதும் நியாயத்தை மறைத்துவிடும் என்பதை நாம் உணர வேண்டும். அச்சைச் சதுர அடியால் அளவிடுங்கள். உழைப்பை உழைப்பின் அளவால் அளவிடுங்கள். பில்லில் இரண்டும் தனித்தனி வரிகளாக நிற்கட்டும்.

ஏற்கெனவே இருக்கும் மாதிரியில் பெயரையும் தேதியையும் மாற்றும் பத்து நிமிட வேலைக்குத் தனிக் கூலி வேண்டியதில்லை என்று கடைக்காரர் விட்டுக்கொடுக்கலாம். புதிய பலகை வடிவமைப்புக்கு ஒரு தொகை, புதிதாகச் சின்னம் உருவாக்குவதற்கு ஒரு தொகை என்று மூன்று படிகள் வைத்து, கடையில் எல்லோரும் காணும்படி எழுதித் தொங்கவிடுவது நல்லது. ஊருக்கெல்லாம் பலகை எழுதுபவர் தம் கூலியைத் தம் சுவரில் எழுதத் தயங்கலாமா?

திருத்தம் யாருடைய பொறுப்பு?

வடிவமைப்பில் நேரத்தை விழுங்குவது திருத்தமே. அதில் இரு வகை உண்டு. கடைக்காரர் எழுத்துப் பிழை செய்தார், சொன்ன அளவை மறந்தார் என்றால், எத்தனை முறை ஆனாலும் திருத்துவது அவர் கடமை. அதற்கு ஒரு காசும் கேட்கக்கூடாது. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட பிறகு மனம் மாறினால், அது புதிய வேலை. அதற்குக் கூலி உண்டு. இரண்டு முறை வரை திருத்தம் கூலிக்குள் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன் மாதிரியைக் காட்டி, பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை வாடிக்கையாளரே படித்துப் பார்த்துக் கையெழுத்திடச் செய்யுங்கள். அல்லது வாட்ஸ்அப்பில் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்லாஹ் கட்டளையிட்டிருக்கின்றான் (2:282). எழுதி வைப்பது அவநம்பிக்கையின் அடையாளம் அன்று. நட்பைக் காக்கும் வேலி.

முன்பணமும் கோப்பும்

பலகைக்காக வாங்கிய முன்பணத்தை, வந்தவர் மனம் மாறிவிட்டார் என்பதற்காக முழுமையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அரபு மொழியில் இது ‘உர்பூன்’ எனப்படும். ஹன்பலீ மத்ஹபில் இதற்கு அனுமதி உண்டு. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் அனுமதி இல்லை. அப்படியானால் செய்த வேலை வீணாகிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். வடிவமைப்பைத் தனி ஒப்பந்தமாகப் பேசி, அதன் கூலியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். கூலியை முன்னதாகத் தருவதென்று பேசி வாங்குவது ஆகுமானது. அவர் அச்சிட்டாலும் அச்சிடாவிட்டாலும், பேசியபடி வேலையை முடித்துக் கொடுத்ததால் அந்தத் தொகை உங்களுக்கு ஹலாலாகிவிட்டது. அச்சுக்காக வாங்கிய முன்பணம் இருந்தால், செலவு ஏதும் செய்யாத நிலையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கூலியைக் கொடுத்தவர் கோப்பைக் கேட்டால் என்ன செய்வது? அச்சுக்கு ஏற்ற கோப்பு கூலிக்குள் அடங்குமா, திருத்தக்கூடிய மூலக் கோப்பும் அடங்குமா என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது இறைக்கட்டளை (5:1). பேசியது எதுவோ அதுவே நிபந்தனை.

கடைக்காரர் அஞ்ச வேண்டியவை

இதுவரை கடைக்காரரின் உரிமையைச் சொன்னேன். இனி அவர் அல்லாஹ்வுக்கு அஞ்ச வேண்டிய இடங்களையும் சொல்லியாக வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது, உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் கடுமையாக எச்சரித்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இணையத்திலிருந்து இறக்கிய ஆயத்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, மூன்று நாள் அமர்ந்து வரைந்தேன் என்று கூலி வாங்குவது உள்ளே ஈரத்தை மறைத்த தானியமே. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு நிமிடத்தில் படம் வரைந்து தருகின்றன. அவற்றைப் பயன்படுத்துவதைக் குறை சொல்லவில்லை. தேர்ந்தெடுப்பதும் செப்பனிடுவதும் உழைப்பே. ஆனால் கையால் வரைந்தது என்று பொய் சொல்லாதீர்கள். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்ற நபிமொழியை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள்.

மற்றொன்று மென்பொருள். பணம் கொடுத்து வாங்காத திருட்டுப் பிரதியைக் கணினியில் ஏற்றிக்கொண்டு, ‘மென்பொருள் செலவு’ என்று கூலிக் கணக்கில் எழுதுவது எப்படி நியாயமாகும்? நம் உழைப்புக்குக் கூலி கேட்கும் நாம் பிறர் உழைப்பின் கூலியை மறுக்கலாமா? விலை கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு இங்க்ஸ்கேப், ஜிம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் ஆகுமான வழியில் கிடைக்கின்றன. அடுத்த கடைக்காரர் வரைந்த சின்னத்தைக் களவாடி நம் மாதிரியாகக் காட்டுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

மூன்றாவது, வேலை கற்றுக்கொள்ளும் பையன் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டான் என்பதற்காக, ஒன்றரை மணி நேர வேலையின் கூலியை உயர்த்தக்கூடாது. அவன் கற்றுக்கொள்வதால் பயன் பெறுவது கடை. ஆகவே செலவும் கடையைச் சார்ந்தது.

வடிவமைப்பாளரின் சம்பளம்

கடை முதலாளிகளே! வாடிக்கையாளர் கூலி தரவில்லை என்று நீங்கள் வருந்துவது போலவே, உங்களிடம் வேலை பார்ப்பவனும் உங்களைப் பார்த்து வருந்தக்கூடும். ஹனஃபீ ஃபிக்ஹில் கூலித் தொழிலாளர் இரு வகை. ஊருக்கெல்லாம் வேலை செய்பவர் ‘அஜீர் முஷ்தரக்’; அவர் வேலையை முடித்தால் கூலிக்கு உரியவராவார். ஒருவருக்கு மட்டும் தம் நேரத்தை ஒப்படைத்தவர் ‘அஜீர் காஸ்’. அவர் குறித்த நேரத்தில் வேலைக்குத் தம்மை ஒப்படைத்துவிட்டாலே கூலிக்கு உரியவராகிவிடுகிறார். கடை முதல் வகை. கடையில் மாதச் சம்பளம் வாங்கும் பையன் இரண்டாம் வகை. ஆகவே வாடிக்கையாளர் மாதிரியை நிராகரித்தார், பணம் தராமல் போய்விட்டார் என்று சொல்லி அவன் சம்பளத்தில் பிடித்தம் செய்ய உங்களுக்கு உரிமையில்லை. பேசிய நேரத்துக்கு மேல் கல்யாணச் சீசனில் நள்ளிரவு வரை அமர்த்தினால் அதற்குத் தனிக் கூலி உண்டு.

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக, மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்பது புகாரியில் வரும் ஹதீஸ் குதுஸியின் கருத்து. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம் மார்க்கம். குளிர்சாதன அறையில் அமர்ந்திருப்பவனுக்கு வியர்க்கவில்லை என்பதற்காக அவன் கூலியைத் தாமதப்படுத்த முடியுமா? அவனுடைய வியர்வை கண்களில் இருக்கிறது, முதுகெலும்பில் இருக்கிறது.

நாமும் ஜமாஅத்தும்

இறுதியாக வேலை கொடுக்கும் நமக்கும், குறிப்பாக நம் ஜமாஅத் நிர்வாகத்திற்கும் ஒரு சொல். ரமளான் நேர அட்டவணை, பெருநாள் தொழுகை அறிவிப்பு, மத்ரஸா ஆண்டு விழா என்று ஆண்டு முழுவதும் பள்ளிவாசலுக்குப் பதாகைகள் தேவைப்படுகின்றன. ‘பள்ளிவாசல் வேலைதானே, டிசைனுக்குக் காசா?’ என்று கேட்பது நம்மில் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அந்த இளைஞன் வெட்கத்தால் மறுக்கமாட்டான். ஆனால் வெட்கத்தால் வாங்கியது மனமொப்பிக் கொடுத்ததாகுமா? பரஸ்பர சம்மதத்துடன் அமைந்த வணிகமாக இருந்தாலன்றி ஒருவர் பொருளை மற்றவர் உண்ணக்கூடாது என்பது திருக்குர்ஆனின் கட்டளை (4:29). அல்லாஹ்வின் இல்லத்துக்காகச் செய்யப்படும் வேலையில் இந்தக் கட்டளையை மற்ற இடங்களை விடக் கூடுதலாகப் பேண வேண்டும்.

ஆகவே நிர்வாகத்தினர் கூலி எவ்வளவு என்று தாங்களாகவே கேட்க வேண்டும்; அதை வரவு செலவுக் கணக்கில் எழுத வேண்டும். அந்த இளைஞன் மனம் விரும்பி ஸதகாவாக விட்டுக்கொடுத்தால் ஜஸாகல்லாஹ் என்று சொல்லி, அதையும் நன்கொடையாகக் கணக்கில் எழுத வேண்டும். இப்படி நடந்தால் அவனுக்கும் நன்மை, நமக்கும் பாதுகாப்பு.

விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் மென்மையாக நடப்பவருக்கு அல்லாஹ் அருள் புரிவானாக என்று நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கின்றார்கள். கணவரை இழந்த ஒரு சகோதரி இட்லிக் கடை வைக்கப் பலகை கேட்டு வந்தால், கூலியைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, உங்களுக்காக விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். விலை தெரியாமல் கொடுத்தது கவனக்குறைவு; விலை தெரிந்து விட்டுக்கொடுத்ததே ஸதகா. அந்த ஸதகாவின் செலவை அடுத்து வரும் வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிடாமல், உங்கள் இலாபத்திலிருந்து கொடுங்கள்.

அன்பிற்குரியவர்களே! கடைக்காரர் முதலில் பேச வேண்டும், எழுத வேண்டும், உண்மை சொல்ல வேண்டும். வேலை கொடுப்பவர் கண்ணுக்குத் தெரியாத உழைப்பையும் உழைப்பு என்று ஏற்க வேண்டும். இடையில் அமர்ந்து கண் வலிக்க வேலை செய்யும் பிள்ளைக்கு மாதம் பிறந்ததும் சம்பளம் போய்ச் சேர வேண்டும். இம்மூன்றும் அமைந்துவிட்டால் அந்தச் சிறு கடை ஹலாலான ரிஸ்கின் வாசலாகிவிடும்.

யா அல்லாஹ்! எங்கள் தொழில்களில் நேர்மையைத் தருவாயாக! எங்கள் வருமானத்தில் பரக்கத் செய்வாயாக! எவருடைய கூலியையும் எங்கள் கழுத்தில் சுமந்தவர்களாக மறுமையில் உன் முன்னால் நிற்கும் நிலையை விட்டு எங்களைக் காப்பாற்றுவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.